மூன்று நாள் மௌனம்

போன வாரம் ஒரே நாளில் எனக்கு இரண்டு அறிக்கைகள் வந்தன. இரண்டுமே "சமூகத்தின் சார்பில்" என்றுதான் தொடங்கின. வாசிப்பானின் ஆறாம் பதிப்பு வரும் வெள்ளிக்கிழமை வெளியாகும் என்றது ஒன்று. அப்படி ஒரு முடிவைச் சமூகம் எடுக்கவேயில்லை, முதல் அறிக்கையை யாரும் நம்ப வேண்டாம் என்றது மற்றது. காலையில் முதல் கோஷ்டியிலிருந்து போன். மத்தியானம் தட்டு போட்டு உட்காரும்போது இரண்டாம் கோஷ்டி. இருவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "இத்தனை வருஷம் இதைப் பார்த்தவங்க நீங்க. நாங்கதான் நிஜமான சமூகம்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க மேடம்."

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. புனே வானவடியில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதில்கூட என் பேச்சு எடுபடுவதில்லை. என்னிடம் போய் இரண்டு வரி! யோசித்துச் சொல்கிறேன் என்று இருவருக்கும் சொல்லிவிட்டு வைத்தேன். யோசிக்க யோசிக்க இரண்டு வரியில் அடங்காத ஒரு விஷயம்தான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதை எழுதிவிடுகிறேன்.

வாசிப்பான் என்பது நாங்கள் பேச்சில் சொல்லும் பெயர். கண் தெரியாதவர்கள் கணினியைப் பயன்படுத்த, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். பதினோரு இந்திய மொழிகளில் வாசிக்கும். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதை எங்களுக்கு அனுப்பலாம். அப்படி அனுப்புகிறவர்கள், பயன்படுத்துகிறவர்கள், குறை சொல்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் "சமூகம்" என்போம். ஔந்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில், இரண்டு அறையில், ஒரு சின்ன அறக்கட்டளை இதை நடத்தியது. அதில் நான் இருபத்திரண்டு வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன்.

பிறந்தது திருநெல்வேலி. கல்யாணமாகிப் புனேக்கு வந்தேன். கணவருக்கு ராணுவப் பொறியியல் பிரிவில் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கணினிப் படிப்பு படித்து, இரண்டு கம்பெனிகளில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்தேன். மூன்றாவதாக இங்கே. சம்பளம் பாதியாகக் குறைந்தது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் கொஞ்சம் நீட்டினார்கள்.

என்னை வேலைக்கு எடுத்தது குல்கர்ணி மேடம். வாசிப்பானைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணக்குப் பேராசிரியையாக இருந்துவிட்டு வந்தவர். முதல் வாரம் அவர் என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அந்த நாலில் இரண்டு, "ஐகலஸ் கா?" என்பது. "நீ கேட்டுப் பார்த்தாயா?" என்று அவருடைய மராத்தியில்.

எதற்கும் அதுதான் கேள்வி. புதிதாக ஒருவர் தமிழ்க் குரலைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார், நன்றாக இருக்கிறதாம் என்று போய் நின்றால், "ஐகலஸ் கா?" இல்லை என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். "எல்லாருக்கும் பிடிச்சிருக்காம் மேடம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார், "யார் யார்? சொல்லு, எழுதிக்கொள்கிறேன்" என்று என் முகத்தையே பார்த்தார். எனக்கு இரண்டு பேர் பெயர்தான் தெரிந்தது. அதில் ஒன்று என்னுடையது.

அவர் வைத்திருந்த வெளியீட்டு முறை இது. புதிய பதிப்பு தயாரானதும் எல்லாத் திருத்தங்களும் நிறுத்தப்படும். மொழிக்கு ஒருவர் என்று பதினோரு 'கேட்பவர்கள்' இருந்தார்கள். எல்லோரும் கண் தெரியாத பயனர்கள், தினமும் வாசிப்பானை நம்பிப் பிழைப்பவர்கள். அவர்களுக்குப் பதிப்பு போகும். கூடவே 'புகார்ப் பக்கம்' போகும். எப்போதோ எவரோ புகார் சொன்ன ஒவ்வொரு வரியும் சேர்ந்து சேர்ந்து எழுபது பக்கம் ஆகியிருந்த ஒரு கோப்பு அது. மாத்திரை அட்டையில் இருக்கும் வாசகம், ரயில் நேரப் பட்டியல், தொலைபேசி எண்கள், கி.மீ. என்று சுருக்கி எழுதியது, விண்ணப்பப் படிவத்தின் கட்டங்கள். கேட்பவர் அதை முதலிலிருந்து கடைசி வரை தன் கணினியில், தன் வழக்கமான வேகத்தில் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் எங்கள் மின்னஞ்சல் குழுவில் ஒரே வரி எழுதுவார்: மொழி, பெயர், வேகம், கேட்டேன். பதினோரு பேரும் எழுதிய பிறகுதான் வெளியீடு. ஒருவர் வேண்டாம் என்றாலும் நின்றுவிடும். அறிவிப்பில் அந்தப் பதினோரு வரிகளும் அப்படியே அச்சாகும். "நாங்கள் வெளியிடுகிறோம்", "சமூகம் வெளியிடுகிறது" என்றெல்லாம் குல்கர்ணி மேடம் எழுதி நான் பார்த்ததேயில்லை.

வேகம் என்ற அந்தக் கட்டம் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. செல்வியைப் பார்த்த அன்று புரிந்தது.

செல்வி எங்கள் தமிழ்க் கேட்பவள். மதுரைக்காரி, அப்பாவுக்குப் புனேயில் வேலை மாற்றலாகி எட்டு வயதில் வந்தவள். ஔந்தில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் வாசிப்பானைக் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். அரிசி களைகிற சத்தம் போல் ஏதோ வந்ததே தவிர, எனக்கு ஒரு சொல் புரியவில்லை.

"இது தமிழா?" என்றேன்.

"நிமிஷத்துக்கு நானூறு சொல்லுக்கா. நீங்க பக்கத்தக் கண்ணால மேய்ஞ்சிட்டுப் போறீகல்ல, நான் காதால மேயுறேன். ஒங்க வேகத்துக்கு வச்சேன்னா எனக்குத் தூக்கம் வந்துரும்" என்றாள்.

அந்த வேகத்தில் ஓடுவதற்கென்றே எங்கள் பழைய குரல் இருந்தது. தகரத்தில் தட்டினாற்போல் இருக்கும். கேட்கிற கண்ணுள்ளவர்கள் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும்.

குல்கர்ணி மேடம் முதுமை காரணமாக விலகியபோது வெளியீட்டுப் பொறுப்பு எனக்கு வந்தது. பொறுப்பு என்றால் ஒரு பென்டிரைவ். அதில் ஒரு மின்சாவி இருக்கிறது. அந்தச் சாவியால் முத்திரையிட்ட பதிப்பைத்தான் பயனர்களின் கணினிகள் ஏற்கும். அதை என் கையில் வைத்தபோதும் மேடம் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "துணியோடு துவைத்துவிடாதே" என்று மட்டும் சொன்னார்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

ஒடியா மொழியின் கேட்பவர் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். போன இடத்தில் இணையம் இல்லை. பத்து மொழிக்காரர்களும் கேட்டு முடித்து, அவர் ஒருவருக்காக நாங்கள் பத்தொன்பது நாள் காத்திருந்தோம். அதற்குள் குஜராத்தி பயனர்கள் திட்டி எழுதினார்கள். எனக்கும் பொறுமை போயிற்று. அடுத்த கூட்டத்தில் நானே முன்மொழிந்தேன்: இனி யாரும் "கேட்டேன்" என்று எழுத வேண்டியதில்லை. முன்மொழிவை வைப்போம், மூன்று நாள் கொடுப்போம். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். உலகத்தில் பெரிய பெரிய மென்பொருள் குழுக்கள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன என்று வேறு சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். அதோடு வேகம் என்ற கட்டமும் போயிற்று. அது போனதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கராடியில் ஒரு பெரிய நிறுவனம் எங்களுக்கு உதவ முன்வந்தது. மூன்று பொறியாளர்களை முழுநேரமாக வாசிப்பானுக்கு ஒதுக்கியது. அவர்களுக்குத் தலைவர் சதீஷ், கோயம்புத்தூர்ப் பிள்ளை. கெட்டிக்காரர், மரியாதையானவர். அவரை வில்லனாக்கி எழுதினால் எனக்கு வசதிதான், ஆனால் உண்மையாக இருக்காது. நாங்கள் இரண்டு வருடமாகத் திணறிய வேலைகளை அவர் குழு நாலு மாதத்தில் முடித்தது. புதிதாக ஒரு பெண் குரலையும் செய்தார்கள். கேட்டால் வானொலி அறிவிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது போலிருக்கும். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொக்கிப்போனோம். நானும்தான்.

"பழைய குரலை இனி எடுத்துடலாமுங்க மேடம். அதோட நிரலைப் பராமரிக்கறதுக்கே ஒரு ஆள் வேணும். நாலாம் பதிப்புல புதுக் குரல் மட்டும் போதுமுங்க" என்றார் சதீஷ்.

நான் புதுக் குரலை என் வேகத்தில் கேட்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மின்னஞ்சல் குழு பழைய பாணி என்று இளைஞர்கள் சொல்லிக்கொண்டிருந்ததால், சதீஷ் குழு புதிதாக ஒரு விவாதத் தளமும் அமைத்துக் கொடுத்தது. பழைய குரலை நீக்கும் முன்மொழிவுதான் அந்தத் தளத்தில் வைத்த முதல் பெரிய முன்மொழிவு. ஆட்சேபணை இருந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும் என்று நான்தான் எழுதினேன்.

மூன்று நாளும் சத்தமேயில்லை. சம்மதக் குறிகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. இரண்டாம் நாள் அந்தப் பட்டியலில் செல்வியின் பெயரைப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதி. எங்கள் கேட்பவர்களிலேயே கறார் அவள்தான். அன்றே மராத்திக் கேட்பவர், ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர், எனக்குத் தனியாக ஒரு அஞ்சல் எழுதினார். பழைய குரல் நிஜமாகவே போகிறதா, எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று. "செல்வியே சம்மதித்துவிட்டாள்" என்று பதில் போட்டேன். அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

சாவியைச் செருகினேன். நாலாம் பதிப்பு வெளியாயிற்று. "சமூகம் ஒருமனதாக" என்று அறிவிப்பில் எழுதினேன். அந்த நிறுவனம் கேக் வெட்டிப் படம் போட்டது.

இரண்டாம் நாள் காலை செல்வியிடமிருந்து போன்.

"அக்கா, யாரக் கேட்டு இதச் செஞ்சீக?"

குரலில் இருந்த சூட்டில் எனக்கு முதலில் விஷயமே பிடிபடவில்லை. "எல்லாரையும் கேட்டுத்தானே செல்வி? மூணு நாள் விட்டோமே" என்றேன்.

"நான்தான் ஆட்சேபணை போட்டேனே! ஒருத்தர் வேணாம்னாலும் நின்னுரும்னு தெம்பா இருந்தேன். என் ஒரு சொல்லு அவ்வளவுதானா ஒங்களுக்கு?"

"நீ சம்மதம்லா போட்டிருக்க? உன் பேரு பட்டியல்ல இருக்கே!"

"சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ்ல இருங்க, வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடிக்கணினியை என் மேசையில் வைத்து, விவாதத் தளத்தைத் திறந்தாள். எனக்குப் புரியட்டும் என்று வேகத்தைக் குறைத்தாள். வாசிப்பான் வாசித்தது: "ஆட்சேபணை இருந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும். பொத்தான். பொத்தான். பொத்தான்."

"ஆட்சேபணை இருந்தாத் தெரிவிக்கவும்னுச்சு. அடுத்தாப்புல ஒரு பொத்தான். அழுத்துனேன். நீங்க அந்த எடத்துல இருந்தா என்ன பண்ணுவீக?" என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். மூன்று படங்கள் இருந்தன. கட்டைவிரல் மேலே தூக்கிய படம், கீழே கவிழ்த்த படம், மூன்றாவது கருத்து எழுதுவதற்கு ஒரு பேனா. கண்ணுள்ளவனுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் படத்துக்குப் பின்னால் பெயர் எழுதி வைக்காவிட்டால் வாசிப்பான் எதை வாசிக்கும்? பொத்தான் என்றுதான் வாசிக்கும். செல்வி அழுத்தியது முதல் பொத்தான்.

ரயில்வே தளம், வங்கித் தளம், அரசாங்கத் தளம் என்று ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் இருபது வருடமாகக் கடிதம் எழுதியவர்கள் நாங்கள். "உங்கள் பொத்தான்களுக்குப் பெயர் வையுங்கள், கண் தெரியாதவர்கள் தவிக்கிறார்கள்" என்று. எங்கள் வீட்டுக் கதவில் நாங்களே பெயர் எழுதவில்லை. மற்ற கேட்பவர்கள் பத்துப் பேரையும் அன்றைக்கே கூப்பிட்டேன். நாலு பேர் தளத்துக்குள் நுழையவே முடியாமல் விட்டுவிட்டிருந்தார்கள். மூன்று பேர் பொத்தான்களைப் பார்த்துப் பயந்து எதையும் தொடவில்லை. ஒடியாக்காரர், "எப்படியும் நீங்கள் எங்களைக் கேட்காமல் செய்ய மாட்டீர்கள் என்று இருந்தேன்" என்றார். நான் சம்மதம் என்று எண்ணிய மூன்று நாள் மௌனம் இதுதான்.

செல்வி அதோடு முடிக்கவில்லை. "ரெண்டு வாரத்துல எனக்கு அதிகாரி தேர்வு இருக்குக்கா. கணினியிலதான் எழுதணும். அங்கிட்டு எந்தப் பதிப்பு கடைசியா வந்துச்சோ அதத்தான் போடுவாகளாம். இந்தப் புதுக் குரல இருநூத்தம்பதுக்கு மேல தூக்குனா எல்லாம் கொழகொழன்னு ஆயிருது. ஒவ்வொரு கேள்வியா நான் மெதுவாக் கேட்டுக்கிட்டிருந்தா நேரம் பத்துமா, நீங்களே சொல்லுங்க" என்றாள். ஏழு வருடமாக எழுத்தராக இருப்பவள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் அதிகாரிகளாகிவிட்டார்கள். அந்தத் தேர்வுக்காக ஒரு வருடம் விடுப்பு நாட்களை எல்லாம் சேர்த்துப் படித்திருந்தாள்.

திங்கட்கிழமை சதீஷை வரச் சொன்னேன். பொத்தான் கதையைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து மூன்று பொத்தான்களுக்கும் பெயர் எழுதி முடித்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் பதிப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்றதும் தயங்கினார்.

"மேடம், தப்பு நடந்திருக்குதுங்க, ஒத்துக்கறேன். ஆனா முறைப்படி பார்த்தா சமூகம் முடிவெடுத்தாச்சு. நீங்க ஒருத்தர் சாவி கையில இருக்குதுன்னு அதை மாத்தினா, நாளைக்கு இன்னொருத்தர் இன்னொண்ணை மாத்துவாங்க. மறுபடியும் முன்மொழிவு வெச்சு, மூணு நாள் விட்டு, முறையாப் பண்ணலாமுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாவி வைத்திருப்பவர் நினைத்ததுதான் முடிவு என்றால், சமூகம் என்று எதற்கு ஒரு பெயர்? முடிவெடுத்தவர்கள் சமூகமே இல்லை என்றால் முறை எதற்கு?

குல்கர்ணி மேடத்துக்கு போன் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது. அவரே செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் முழுக் கதையையும் கொட்டினேன். சதீஷ் சொன்னதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளியிடும் முன் நானூறு வேகத்தில் ஐகலஸ் கா?" என்றார். இல்லை மேடம் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பழைய குரலைத் திரும்பச் சேர்த்தோம். சதீஷின் பொறியாளர் ஒருவரே, தன் மேலிடத்துக்குச் சொல்லாமல், கூட உட்கார்ந்து உதவினார். கேட்பவர்களுக்குப் புகார்ப் பக்கம் போயிற்று. நாலே நாளில் பதினோரு வரிகளும் வந்தன. சாவியைச் செருகித் திருத்திய பதிப்பை வெளியிட்டேன். "நாலாம் பதிப்பு வெளியானது என் தவறு. யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டதாக எழுதினேன்" என்று அறிவிப்பில் என் பெயரைப் போட்டே எழுதினேன்.

ஆனால் தேர்வு நடத்தும் அலுவலகம் அதற்குள் நாலாம் பதிப்பைத் தன் கணினிகளில் ஏற்றிப் பூட்டிவிட்டது. தேர்வுக்கு இன்னும் ஐந்து நாள். செல்வியும் நானும் நேரில் போனோம். அதிகாரி மரியாதையானவர், உட்காரவைத்து டீ வரவழைத்தார். மேசையில் இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அந்த நிறுவனத்தின் தலைப்புத் தாளில், முத்திரையோடு: "சமூகத்தின் அதிகாரபூர்வப் பதிப்பு நாலாம் பதிப்பே. பிந்தையது ஒரு தனிநபரின் முடிவு." மற்றது என்னுடையது, வெள்ளைத்தாளில்.

"இதில் எதை நான் எடுத்துக்கொள்வது? நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"பயன்படுத்துகிறவர்கள் சார்பில்" என்றேன்.

"அவர்கள் உங்களுக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?"

நான் பையிலிருந்து பதினோரு வரிகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். "கேட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு அதிகாரம் கொடுத்ததாக எழுதவில்லையே" என்றார்.

பயன்படுத்துகிறவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளே சொன்னாள், நல்ல இந்தியில், கோபம் காட்டாமல், எந்த வேகத்தில் எந்தக் குரல் எப்படிக் கெடுகிறது என்று. அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பரிதாபப்பட்டார் என்றே நினைக்கிறேன். கடைசியில் தலைப்புத் தாள் உள்ள கடிதத்தைக் கோப்பில் செருகினார். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற சதீஷ் தன் மேலதிகாரிகளிடம் மூன்று நாள் மன்றாடினார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் அசையவில்லை.

செல்வி புதுக் குரலோடு தேர்வு எழுதினாள். நான் வெளியே காத்திருந்தேன். வந்து என் கையைப் பிடித்ததும், "நூறுல அறுபத்தொம்போது வரைக்கும் போனேன்க்கா. போனதெல்லாம் சரியாத்தான் போட்டிருப்பேன். மிச்சம் முப்பத்தொண்ணும் என்ன கேள்வின்னே தெரியாது" என்றாள்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

"இந்தா பாருங்க, நீங்க அழுதீகன்னா நான் ஒங்களத் தேத்தணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பில்ல. ஆட்டோவப் பிடிங்க" என்றாள்.

அவள் தேறவில்லை. அடுத்த வாய்ப்பு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. அப்போது தேறினாள், அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்குக் கீழே அதிகாரியானாள். அந்த இரண்டு வருடத்தை நான் எந்தப் பதிப்பிலும் திருத்திக் கொடுக்க முடியாது. அந்த நிறுவனம் ஒரு வருடத்தில் தன் ஆட்களை விலக்கிக்கொண்டது. சதீஷ் இன்னும் தனியாளாகத் திருத்தங்கள் அனுப்புகிறார். கூடவே தான் எந்த வேகத்தில் கேட்டார் என்றும் எழுதுகிறார். மூன்று நாள் விதியை நான் எடுத்துவிட்டேன். அதற்காக என்னைச் சர்வாதிகாரி என்று எழுதியவர்களும் உண்டு. இருக்கட்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பென்டிரைவைச் செல்வியின் கையில் கொடுத்தேன். அறக்கட்டளைக் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். நிரல் எழுதத் தெரியாதவரிடம் சாவியா என்று. நான் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தேன். கேட்பவர்கள் பதினோரு பேரும் எழுதி அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவை அதிகாரம் கொடுக்கிறோம் என்று தெளிவாகவே எழுதச் சொல்லியிருந்தேன்.

இப்போது வந்த இரண்டு அறிக்கைகளையும் மறுபடி படித்தேன். ஒன்றில், "வெளியீட்டுப் பொறுப்பாளர் இதற்கு ஆட்சேபணை தெரிவிக்கவில்லை" என்றிருந்தது. மற்றதிலும் ஏறக்குறைய அதே வாக்கியம். எனக்குச் சுருக்கென்றது. செல்வியைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பேருமே நீ சும்மா இருக்கதச் சம்மதம்னு எழுதியிருக்காங்களே, தெரியுமா?"

"கேட்டேன்க்கா. ரெண்டையும் நானூறுல ஓட்டிக் கேட்டேன். வெரசா முடிஞ்சிருச்சு" என்று சிரித்தாள்.

"நீ என்ன சொல்லப் போற?"

"என்னத்தச் சொல்ல? புகார்ப் பக்கத்துல பாதியிலதான் நிக்கிறேன். ஒடியாக்காரரு மக பிரசவத்துக்குப் போயிருக்காரு. வந்து கேப்பாரு."

"வெள்ளிக்கிழமைன்னு அறிவிச்சுட்டாங்களே செல்வி."

"அறிவிக்கட்டும்க்கா. சாவி என் கைப்பையில இருக்கு."

அன்று சாயங்காலம் குழுவில் அவளிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது. எந்தக் கோஷ்டியைப் பற்றியும் பேச்சில்லை. பதினோரு வரிகள் மட்டும், குல்கர்ணி மேடம் காலத்தில் இருந்தது போலவே: மொழி, பெயர், வேகம். நாலு பேருக்கு எதிரே 'கேட்டார்' என்றிருந்தது. ஆறு பேருக்கு எதிரே 'இன்னும் கேட்கவில்லை'. அவள் தன் வரியைக் கடைசியில் வைத்திருந்தாள்.

என்னிடம் இரண்டு வரி எழுதித் தரக் கேட்ட இருவருக்கும் பதில் போட உட்கார்ந்தேன். என் பங்குக்கு ஒன்றும் சேர்க்காமல் அந்தக் கடைசி வரியை மட்டும் நகலெடுத்து அனுப்பினேன்.

தமிழ். செல்வி. நானூறு. இன்னும் கேட்டு முடிக்கவில்லை.